ராஜநாகத்தின் வலது பக்கம்

காலை ஏழரை மணிக்கு மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போதுதான் அந்தக் கட்டடத்தின் முக்கியமான செய்திகள் வெளியாகும். மூன்றாவது மாடிக்காரியும் முதல் மாடிக்காரியும் ஒரே கொடியைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். ஒருத்தி பேசுவாள், இன்னொருத்தி கிளிப் மாட்டுவாள்.

"சுவத்துகிட்ட பேசற மாதிரி இருக்குக்கா," என்றாள் மூன்றாவது மாடிக்காரி, ஈரப் போர்வையை உதறியபடி. "சோபால பக்கத்துலயே உக்காந்து, டீ ஆறுது டீ ஆறுதுன்னு மூணு தடவ சொல்றேன். மனுஷன் அசையல. ஆனா ஏதோ வயர மாத்தினா மட்டும் புல்லாங்குழல்காரன் மூச்சு விடறது கேக்குதாம். பொண்டாட்டி மூச்சு முட்டக் கத்தறது கேக்கல."

முதல் மாடிக்காரி பதில் சொல்லவில்லை. வாயில் கிளிப் இருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒன்றரை வயதான ஒரு கோபம்.

மூன்றாவது மாடிக்காரியின் கணவருக்குத் தங்கக்காது என்று பெயர். பிறந்தபோது வைத்த பெயர் இன்சூரன்ஸ் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. பகலில் அவர் அங்கே குமாஸ்தா. மற்ற நேரமெல்லாம் கேமரா முன்னால் உட்கார்ந்து, காதுக்குள் செருகும் விலையுயர்ந்த கருவிகளைச் சீர்தூக்கிச் சொல்பவர். அதை இயர்போன் என்று சொல்லிவிட்டால் மனிதர் வாடிப்போவார். மானிட்டர் என்று சொல்ல வேண்டும். ஒரே மானிட்டரை மூன்று பிளேயரில் செருகுவார், ஐந்து கேபிளில் மாட்டுவார், ஒரே பாட்டை அரை மணி நேரம் கேட்பார். பிறகு கண்ணைத் திறந்து, "இந்தக் கேபிள்ல மேடை விரியுது, அந்தக் கேபிள்ல சுருங்குது" என்பார். பாட்டு காதுக்குள் பரவும் இடத்துக்கு மேடை என்று பெயராம். அவர் விரியுது என்றால் ஆயிரக்கணக்கானவர்களின் மணிபர்ஸும் விரிந்தது. கம்பெனிகள் வெல்வெட் பெட்டிகளாக அனுப்பின. வந்த பெட்டி எதுவும் திரும்பிப் போனதாகத் தகவல் இல்லை.

முதல் மாடிக்காரிக்கும் அப்படி ஒரு பட்டப்பெயர் உண்டு: வயர்க்காரி. செம்பு இழைகளைக் கையாலேயே பின்னி, பூதக்கண்ணாடிக்குக் கீழே ஈயம் உருக்கிச் சால்டர் வைத்து ஒட்டி, இந்த மானிட்டர்களுக்குக் கேபிள் செய்து விற்றாள். முன்னறையில் ஒரு பக்கம் அவளுடைய மேஜை, மறு பக்கம் தையல்காரக் கணவரின் மெஷின். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் குறைவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது: நம்ம கட்டடத்திலேயே இவ்வளவு பெரிய மனுஷர் இருக்கிறாரே, ஒரு வார்த்தை சொன்னால் தொழில் வளருமே!

ஒரு கேபிளோடு மூன்றாவது மாடிக்கு ஏறினாள்.

"கேட்டுட்டுத் திருப்பித் தர்ற வழக்கம் நம்மகிட்ட இல்லம்மா," என்று சிரித்தார் தங்கக்காது. "பெரிய கம்பெனிக்காரன் பிளேயரோட சேத்து அனுப்பறான். நீ நம்ம பில்டிங். ஒரு ஆறு கேபிள் குடுத்துரு, போதும்."

"ஆறு எதுக்கு சார்? காது ரெண்டுதானே இருக்கு?"

வேடிக்கையாகத்தான் கேட்டாள்; கொண்டுபோன ஒரு கேபிளை மட்டும் வைத்துவிட்டு இறங்கினாள். அந்த வேடிக்கை அவளுக்கு எந்த வெல்வெட் பெட்டியைவிடவும் அதிக விலையானது. பத்து நாளில் ஒரு வீடியோ வந்தது. பன்னிரண்டு நிமிஷம். "வீட்ல பின்னின கேபிள் பத்தி எல்லாரும் கேக்கறீங்க. கேட்டேன். எண்ணெய் போடாத கதவுக் கீலைக் காதுல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. மன்னிச்சுக்கோங்க, உண்மையத்தான் சொல்லணும்."

உண்மையைச் சொன்ன அந்த மனிதர் கேபிளை உறையிலிருந்து பிரிக்கக்கூட இல்லை என்பது வயர்க்காரிக்குத் தெரியும். மறுநாள் மூன்றாவது மாடிக் குப்பைக்கூடையில் அது ஒட்டின ஒட்டு பிரியாமல் கிடந்தது. அவளே எடுத்தாள்.

அதைவிட வேதனை, கேபிளைத் திருப்பி அனுப்பியவர்கள் சொன்னது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு மேடம். வீடியோ பாத்ததுக்கு அப்புறம்தான் கீல் சத்தம் கேக்குது." ஒரு மாதத்தில் மேஜை காலியானது. இப்போது பஸ் நிலையம் எதிரில், ஒரு செல்போன் கடையின் மூலையில் உட்கார்ந்து, சார்ஜ் ஏறாத போன்களுக்கு சாக்கெட் மாற்றிக்கொண்டிருந்தாள். மத்தியான இடைவேளையில் அந்த வீடியோவைப் போட்டுப் பார்ப்பாள். வலிக்கும் பல்லை நாக்கு போய்ப் போய்த் தொடுமே, அந்த மாதிரி.

"அதையே பாத்துப் பாத்து அவனுக்கு நீதான் வியூஸ் ஏத்தற," என்பார் தையல்காரர்.

"ஏறட்டும். ஏறினாத்தானே விழும்போது நல்லா அடிபடும்."

இந்த நிலைமையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷோரூம்காரர் அந்த செல்போன் கடை வாசலில் வந்து நின்றார். மானிட்டர், பிளேயர், கேபிள் எல்லாம் இறக்குமதி செய்து விற்பவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"பிளக்குல ஒரு பக்கம் ஆடுதும்மா. சத்தம் விட்டு விட்டு வருது. இவ்ளோ மெல்லிசு இழைய ஒட்டறதுக்கு இந்த ஊர்ல உன்ன விட்டா ஆள் இல்ல. ஞாயித்துக்கிழம பத்து மணிக்குக் கூட்டம். தங்கக்காது சார்தான் இந்தக் கேபிள அறிமுகம் பண்றாரு. வெளிய சொல்லிராத."

உள்ளே இருந்தது ராஜநாகம். கம்பெனி வைத்த பெயர் அதுதான். சுண்டுவிரல் தடிமன், கறுப்புப் பின்னல், நடுவில் தங்க நிறத்தில் படம் எடுத்த பாம்பு. ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கும் விலை.

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பிளக்கைத் திருகித் திறந்தாள். வலது காதுக்குப் போகும் இழை சால்டரை விட்டுப் பிரிந்திருந்தது. இரண்டு நிமிஷ வேலை. சால்டர் இரும்பு சூடாகும் வரை சும்மா இருப்பானேன் என்று, பொட்டலம் சுற்றி வந்த காகிதத்தை எடுத்துப் படித்தாள்.

படித்தவள் சூடான இரும்பை அணைத்துவிட்டாள்.

அது ஞாயிற்றுக்கிழமை தங்கக்காது பேச வேண்டியது. கம்பெனி அச்சடித்து அனுப்பியது. 'முதலில் பெட்டியோடு வந்த சாதாரணக் கேபிள்: வலது பக்கம் சற்று மங்கல். (தலையை மெதுவாக ஆட்டவும்.) பிறகு ராஜநாகம்: இரு பக்கமும் கதவு திறந்தாற்போல் மேடை விரிகிறது. வலது ஓரத்தில் வயலின் வில் உரசுவது கூடக் கேட்கிறது. (கண்களை மூடவும்.)' கண் எப்போது மூடுவது என்பது வரைக்கும் போட்டிருந்தார்கள்.

வயர்க்காரி பிரிந்திருந்த வலது இழையை ஒட்டவில்லை. நுனியில் ஒரு துளி டேப் சுற்றி, உள்ளேயே படுக்க வைத்து, பிளக்கை மூடினாள். அசைத்துப் பார்த்தாள். ஆடவே இல்லை. அவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலையைச் செய்யாமல் விட அவளால்தான் முடியும்.

"தப்பில்லையா?" என்று கேட்டார் தையல்காரர்.

"நான் எதையும் ஒடைக்கலையே. ஒடைஞ்சத ஒடைஞ்சபடி வெச்சிருக்கேன். அவரு காது நிஜமாவே தங்கமா இருந்தா ஒரே நொடியில சொல்லிடப் போறாரு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒட்டிக் குடுத்துடறேன்."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா..." என்று ஆரம்பித்து, காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். அதன் பக்கத்திலேயே சின்ன சால்டர் இரும்பையும் வைத்தாள்.

ஞாயிறு ஒன்பதே முக்காலுக்குத்தான் கேபிளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "இப்பத்தான் ஒட்டினது சார், சூடு ஆறலை. மேடைக்குப் போற வரைக்கும் செருகி எடுக்காதீங்க." ஷோரூம்காரர் அதைக் கைக்குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டார்.

ஷோரூமுக்கு மேலே இருந்த ஹாலில் முப்பது நாற்காலி. இந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் சட்டைப் பையில் சின்ன டப்பாவில், மானிட்டர் நுனியில் மாட்டும் ரப்பர் குமிழ்களைச் சொந்தமாகக் கொண்டுவருவார்கள். அடுத்தவர் காதில் போட்ட குமிழைத் தன் காதில் போடக் கூடாதே! மானிட்டர் கைமாறும்போதெல்லாம் குமிழைக் கழற்றுவதும் தன்னுடையதை மாட்டுவதும் பெரிய சடங்காக நடக்கும். தங்கக்காதின் மனைவி இரண்டாவது வரிசையில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு இருந்தாள். வயர்க்காரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

தங்கக்காது மேடை ஏறினார். ஒரு கையடக்கப் பிளேயர், செங்கல் கனத்தில் இன்னொரு பிளேயர். முதலில் சாதாரணக் கேபிள். இரண்டிலும் செருகிக் கேட்டார். தலையை மெதுவாக ஆட்டினார்.

"பிளேயர் எதுவானாலும் சரி, வலது பக்கம் கொஞ்சம் மங்கல்."

வயர்க்காரி கைப்பைக்குள் காகிதத்தில் விரலை வைத்து வரி வரியாகப் பின்தொடர்ந்தாள். பிறகு ராஜநாகம். கண்களை மூடினார். 

"ஆகா! ரெண்டு பக்கமும் கதவு திறந்த மாதிரி மேடை விரியுது. வலது ஓரத்துல... வயலின் வில் உரசறதுகூடக் கேக்குது!"

கைதட்டல். அவளும் தட்டினாள், எல்லோரையும்விட ஒரு தட்டு அதிகமாக.

அடுத்து ராஜநாகம் கைமாறியது. ஒரு பல் டாக்டர் தன் குமிழை மாட்டிக் கேட்டார். முகம் ஒரு கணம் கோணியது. வலது காதைத் தடவிக்கொண்டார். மேடையைப் பார்த்தார். "ம்... வாத்தியமெல்லாம் தனித்தனியா, நல்ல பிரிப்பு." அடுத்தவர் மனை விற்பவர். "வலது பக்கம் மௌனம்கூடக் கேக்குது சார்! எனக்கு ரெண்டு எடுத்து வைங்க." மூன்றாவது ஒரு நர்ஸ், கூட்டத்துக்குப் புதிது. மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"சார், வலது பக்கம் வரவே இல்லையே?"

ஹாலே அவளைப் பார்த்தது, கல்யாண வீட்டில் தும்மியவளைப் பார்ப்பதுபோல.

"புதுக் கேபிள்மா," என்றார் தங்கக்காது பெருந்தன்மையாக. "நூறு மணி நேரம் ஓடினாத்தான் திறக்கும். உங்க காதும் பழகணும்."

"ஆமா, பழகணும்," என்றார் பல் டாக்டர் அவசரமாக.

வயர்க்காரி எழுந்தாள். ஒன்றரை வருஷமாக ஒத்திகை பார்த்த கால்கள் நேராக மேடைக்கு நடந்தன.

"நர்ஸம்மா காது சரியாத்தான் இருக்கு. எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க." பிளக்கைத் திருகித் திறந்து, டேப் சுற்றிய இழையை ஊசியால் வெளியே இழுத்துக் காட்டினாள். "வலது பக்கத்துக்குப் போற வயரு இது. ஒட்டவே இல்ல. நூறு மணி நேரம் இல்ல, நூறு வருஷம் ஓடினாலும் இதுல சத்தம் வராது. அப்ப சாருக்கு வயலின் எங்கேருந்து கேட்டுது? இதுலேருந்து."

காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் விடவில்லை. '(கண்களை மூடவும்)' என்று வந்தபோது பின் வரிசையில் ஒருவர் நாற்காலியோடு சரிந்து சிரித்தார். மௌனத்தைக் கேட்ட மனை வியாபாரிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எல்லோருடைய போனும் மேடையைப் பார்த்து உயர்ந்தது.

"என் பொருளக் கெடுத்து வெச்சிருக்கியே!" என்று பாய்ந்து வந்தார் ஷோரூம்காரர்.

"கெட்டதத்தான் குடுத்தீங்க. இப்ப உங்க கண்ணு முன்னாடியே முடிச்சுத் தர்றேன். கூலி வேண்டாம்." சால்டர் இரும்பைச் சுவர்ச் சாக்கெட்டில் செருகினாள், சூடாகக் காத்திருந்தாள், ஒரே தொடலில் ஒட்டினாள். சால்டர் புகை சுருண்டு எழுந்தது. அந்த வாசனை அவளுக்கு அன்றைக்கு இனித்தது. ஆனால் பசி அடங்கவில்லை. தங்கக்காது இன்னும் நிமிர்ந்துதானே நிற்கிறார்?

"சார், இப்ப காகிதம் இல்லாம ஒரு தடவ கேளுங்க. இடது பக்கத்தக் கழட்டிட்டு, அந்தக் காத விரலால அடைச்சுக்கோங்க. வலது மட்டும். என்ன வித்தியாசம்னு எல்லாருக்கும் சொல்லுங்க."

தங்கக்காது வலது மானிட்டரை மட்டும் மாட்டிக்கொண்டு, இடது காதை விரலால் அடைத்தார். பாட்டை ஓட விட்டார். வால்யூம் சக்கரத்தைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். நெற்றியில் வியர்வை. இன்னும். காதிலிருந்து கசிந்த பாட்டு முதல் வரிசைக்குக் கேட்டது. பிறகு மூன்றாவது வரிசைக்கும். தாளம், குரல், அந்த வயலின் கூட. அவர் மட்டும் பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருப்பவர்போல நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் வரலையே," என்றார். "நீ சரியா ஒட்டல. மறுபடி ஒட்டு."

சிரித்துக்கொண்டிருந்தவர்களின் வாய்கள் அப்படியே நின்றன. நர்ஸ் ஓடிப்போய் மானிட்டரை அவர் காதிலிருந்து பிடுங்கினாள். "சார், நிறுத்துங்க! இவ்ளோ சத்தம் வெச்சா இருக்கறதும் போயிடும்!" அவர் இடது காதிலிருந்து விரலை எடுத்து, குரலை இடது பக்கம் தேடினார். அவள் நின்றது வலது பக்கம்.

வயர்க்காரிக்கு எதிரியைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தால், அடியே தெரியாத மாதிரி இருந்தது.

இரண்டாவது வரிசையிலிருந்து அவருடைய மனைவி எழுந்து வந்தாள். அழுகையும் கோபமும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. "நான் சோபால எப்பவும் உங்க வலது பக்கம்தான் உக்காருவேன். ஒரு வருஷமா திமிருன்னு நெனச்சு சண்ட போட்டுட்டு இருக்கேன். காது கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாங்க?"

"எப்படிச் சொல்றது?" தங்கக்காது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இடது காதை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டு பேசினார். "ஒரு நாள் காலையில எழுந்தேன், வலது பக்கம் ஒரே ரீங்காரம். அப்புறம் ஒண்ணும் இல்ல. காது டாக்டர் வாசல்ல தங்கக்காதைப் பாத்தாங்கன்னா மறுநாள் எவன் பெட்டி அனுப்புவான்? அவங்கதான் என்ன பேசணும்னு எழுதி அனுப்பிடறாங்களே, சமாளிச்சுக்கலாம்னு இருந்துட்டேன். சத்தத்தக் கூட்டினா என்னிக்காவது திரும்ப வந்துடும்னு..." 

மறுநாள் காலை மனைவியே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, தேதியைக் கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்தாராம். "காது திடீர்னு அடைச்ச அன்னிக்கே, இல்ல அந்த வாரத்துலயாவது வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். காப்பாத்தியிருக்க வாய்ப்பு இருந்துது. ஒரு வருஷம் கழிச்சு வந்து நின்னா நான் என்ன பண்றது? மிச்சம் இருக்கற காதையாவது பத்திரமா வெச்சுக்கோங்க." இதெல்லாம் மொட்டை மாடிக் கொடி வழியாக வந்த செய்தி, அதனால் நம்பலாம்.

கூட்டத்தில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. வெல்வெட் பெட்டிகள் வருவது நின்றது. வயர்க்காரிக்கு ஆர்டர்கள் திரும்பின. சாக்கெட் மாற்றும் மூலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மறுபடி முன்னறை மேஜையில் உட்கார்ந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் தங்கக்காது முதல் மாடி வாசலில் நின்றார். கதவைத் தட்டிவிட்டு இடது காதைக் காட்டி நின்ற விதத்தைப் பார்த்ததும் தையல்காரர் மெஷினை நிறுத்தினார்.

"உன் தொழிலக் கெடுத்தது நான்தாம்மா," என்றார். "ஈடு கட்டறேன். உன் கேபிள்தான் இருக்கறதுலயே ஒசத்தின்னு ஒரு வீடியோ போடறேன். இருக்கற கொஞ்ச நஞ்ச பேர் நம்புவாங்க. நீ ஒண்ணும் தர வேண்டாம்."

வயர்க்காரி இரும்பைத் தாங்கியில் வைத்தாள். அவரை உட்காரச் சொல்லவில்லை.

"என் கேபிள நீங்க கேட்டிருக்கீங்களா சார்?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"அப்பவும் கேக்கல, இப்பவும் கேக்கல. அன்னிக்குக் கேக்காம கெட்டதுன்னு சொன்னீங்க, இன்னிக்குக் கேக்காம நல்லதுங்கறீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். உங்க மேல எனக்குப் பரிதாபம் வரணும். பாதிதான் வருது. மீதிப் பாதி அந்தக் குப்பைக்கூடையிலேயே கிடக்கு, அத எடுக்க இன்னும் மனசு வரல."

"நான் என்னதான் பண்ணட்டும்?"

அவள் ஒட்டுப் பிரியாத அந்தப் பழைய கேபிளை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். இத்தனை நாளும் வைத்திருந்தாள்.

"வீடியோ போடறதுன்னா ஒண்ணே ஒண்ணு போடுங்க. கேபிளப் பத்தி வேண்டாம், உங்களப் பத்தி. பெட்டி வாங்கிட்டுப் பேசினத சொல்லுங்க. அந்தப் பெட்டி நின்னுடுமேன்னு டாக்டர்கிட்ட போகாம இருந்ததயும் சொல்லுங்க. கேக்காமலே கேட்டேன்னு தலையாட்டின பல் டாக்டருக்கும் மனை விக்கிறவருக்கும் சேத்து சொல்லுங்க. வாங்கின பொருளுக்காக வாய் பேச ஆரம்பிச்சதும் காதுக்கு வேலை போயிடுது சார். வேலை இல்லாத காது செத்தாக்கூடச் சொந்தக்காரனுக்குத் தெரியாது. லஞ்சம் குடுத்தவன் உங்ககிட்டேருந்து வாங்கினது ஒரு நல்ல வார்த்தைய இல்ல, உங்க காதத்தான். அவன் அத எடுத்துட்டுப் போயிட்டான், அவ்வளவுதான்."

தங்கக்காது கடைசி வார்த்தை வரைக்கும் இடது பக்கம் சாய்ந்து நின்று, முழுவதையும் கேட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் ஒன்றை முழுவதுமாகக் கேட்டது அதுதான். மேஜைமேல் இருந்த கேபிளை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினார்.

"கேட்டுட்டுத் திருப்பிக் குடுத்துடணும் சார்," என்றாள் வயர்க்காரி.